வேண்டும் என்பதும் வேண்டுதலும்

சித்தூரில் பேருந்து ஏறித் திருப்பதியில் வந்து இறங்குவதற்கு ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர் தொலைவு. அதற்குள் மூன்று மொழிகள் நம் காதில் விழுந்துவிடும். நடத்துநர் தெலுங்கில் கேட்பார். முன்னிருக்கைப் பாட்டி தமிழில் விடை சொல்வார். இருவருக்கும் நடுவே அமர்ந்த மாணவன் ஆங்கில இலக்கண நூலை மடிமேல் விரித்து வைத்துக்கொண்டு, 'கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட்' என்று வாய்ப்பாடு போல முணுமுணுத்துக்கொண்டிருப்பான். அப்படி முணுமுணுத்தவர்களுள் நானும் ஒருவன்.

அந்த ஒன்பது சொற்களைப் பற்றித்தான் இங்கே எழுத வந்தேன். ஆங்கில இலக்கண நூலார் இவற்றை 'மோடல்' வினைகள் என்பர். நாம் துணைவினைகள் என்று சொல்லி மேலே செல்வோம். 'வகுப்பில் கேட்டுச் சலித்தது போதாதா? சங்க மலரிலும் இலக்கணம்தானா?' என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். சற்றே பொறுத்துக் கேளுங்கள். இந்தச் சிறு சொற்களுள் ஒன்றைச் சரியாக அறியாததால் ஒரு குடும்பம் ஓராண்டு விளைச்சலை இழந்ததை நான் கண்டிருக்கிறேன். அது என் குடும்பம். இந்தச் சொற்களுள் இரண்டின் வேறுபாட்டைப் பற்றி இந்திய நாடாளுமன்றமே வாதிட்டிருக்கிறது. எனவே இது தேர்வில் இரண்டு மதிப்பெண் பெறுவதற்கான செய்தி மட்டும் அன்று.

மாந்தோப்பும் ஒரு சொல்லும்

எங்கள் ஊர் சித்தூரை அடுத்த குடிபாலாப் பக்கம். வீட்டில் தமிழ், வீதியில் தெலுங்கு, பாடநூலில் ஆங்கிலம் என்று வளர்ந்தவன் நான். சித்தூர்ச் சீமை மாம்பழச் சீமை என்பதை நீங்கள் அறிவீர்கள். 'பெங்களூரா' என்று எங்கள் பக்கத்தில் வழங்கும் தோத்தாபுரி மாங்காயைப் பெரும்பாலும் மாங்கூழ் ஆலைகளை நம்பியே விளைவிக்கிறார்கள்.

நான் பத்தாம் வகுப்பில் படித்த ஆண்டு, என் சித்தப்பா ஒரு தாளைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அஃது ஓர் ஆலையின் ஒப்பந்தத் தாள். முழுவதும் ஆங்கிலம். "நீதானே வீட்டில் படித்தவன். இதிலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுடா" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. திண்ணையில் அமர்ந்து வரிவரியாகப் படித்தேன். தோப்புக்காரர் தம் விளைச்சலைக் குறித்த நாள் வரை வேறு யாருக்கும் விற்கக்கூடாது என்ற வரியில் 'ஷல்' இருந்தது. ஆலை அந்த விளைச்சலை எடுத்துக்கொள்வதைப் பற்றிய வரியில் 'மே' இருந்தது. பள்ளியில் மனப்பாடம் செய்த பட்டியல் என் நாவில் தயாராக நின்றது. 'மே' என்றால் 'லாம்'.

"ஆலைக்காரர்கள் நம் காயை வாங்கலாம், சித்தப்பா" என்றேன்.

"வாங்கலாம் என்றால் வாங்கிக்கொள்வார்கள் என்றுதானே பொருள்?"

"ஆமாம்" என்றேன்.

சித்தப்பா கையெழுத்திட்டார். அந்த ஆண்டு காய் மிகுதியாகக் காய்த்தது. விலை விழுந்தது. ஆலை தனக்குப் போதுமான அளவு கொண்டதும் வாயிற்கதவை மூடிக்கொண்டது. குறித்த நாள் கடந்து நாங்கள் வெளிச்சந்தைக்குப் போனபோது காய் பழுத்து உதிரத் தொடங்கிவிட்டது. கேட்கப் போன சித்தப்பாவிடம் அந்தத் தாளையே விரித்துக் காட்டினார்கள். அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. தாளில் இருந்தது 'மே'. வாங்கினால் வாங்குவோம், வாங்காமலும் இருப்போம் என்பதே அதன் பொருள். விற்காமல் காத்திருப்பது நம் கடமை. வாங்குவது அவர்கள் விருப்பம். இருபுறமும் கட்டிய கயிறு என்று நாங்கள் நினைத்திருந்தோம். கட்டியிருந்தது எங்கள் புறத்தில் மட்டும்.

சித்தப்பா என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. "சின்னப் பிள்ளை, உனக்கென்ன தெரியும்!" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவர் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

பட்டியலின் குற்றம்

பிறகு பலமுறை எண்ணிப் பார்த்தேன். நான் சொன்ன மொழிபெயர்ப்பு தவறா? 'மே' என்பதற்கு 'லாம்' என்று எழுதினால் எந்த ஆசிரியரும் மதிப்பெண்ணைக் குறைக்கமாட்டார். தவறு அந்தச் சொல்லில் இல்லை. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று பட்டியல் போட்டுப் படித்த முறையில் இருக்கிறது.

நம் 'லாம்' என்பதைப் பாருங்கள். 'செய்யல் ஆம்' என்பதே 'செய்யலாம்' என்று சேர்ந்து நின்றது. 'நீ போகலாம்' என்றால் இசைவு. 'மாலையில் மழை வரலாம்' என்றால் ஐயம். 'வா, காப்பி குடிக்கலாம்' என்றால் அழைப்பு. 'இங்கிருந்தே மலையைப் பார்க்கலாம்' என்றால் இயலும் என்பது பொருள். நான்கு வேலைகளை ஒரே சொல் செய்கிறது. ஆங்கிலத்தில் இந்நான்கும் ஒரே சொல்லால் நிறைவேறா. இசைவுக்கு 'மே' அல்லது 'கேன்', ஐயத்துக்கு 'மே' அல்லது 'மைட்', அழைப்புக்கு 'ஷல் வீ' அல்லது 'லெட் அஸ்', இயலுவதற்குக் 'கேன்' என்று பிரிந்து நிற்கும். நம் அண்டை வீட்டுத் தெலுங்கும் நம்மைப் போன்றதே. 'சேயவச்சு' என்பதில் இசைவும் ஐயமும் ஒன்றாகவே குடியிருக்கின்றன. ஆதலால் திருப்பதித் தெலுங்கு மாணவனும் சித்தூர்த் தமிழ் மாணவனும் ஒரே பள்ளத்தில்தான் விழுகிறார்கள்.

எனவே, 'மே என்றால் என்ன?' என்று கேட்பது அரைக் கேள்வி. 'யார், யாரிடம், எந்த நிலையில் மே என்கிறார்?' என்பதே முழுக் கேள்வி. ஒப்பந்தத்தில் ஒருவர் தம்மைப் பற்றியே 'மே' என்று எழுதிக்கொண்டால், தமக்கு உரிமை உண்டு, கடமை இல்லை என்கிறார். தாய் தன் பிள்ளையைப் பார்த்து 'மே' என்றால் இசைவு தருகிறாள். மருந்துக் குப்பியின் மேல் 'மே' என்று இருந்தால், தூக்கம் வரவும் கூடும், வராமலும் போகலாம் என்று எச்சரிக்கை. மூன்றிலும் சொல் ஒன்றே. விளைவு மூன்று.

திருப்பதிக்கு வந்த பின்

அடுத்த அடி நான் கல்லூரிப் படிப்புக்கு இந்த ஊர் வந்த பிறகு விழுந்தது. தங்குவதற்கு ஓர் அறை வேண்டி ஓர் அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். மனத்தில் இருந்த தமிழ் வாக்கியம் இது: 'தாங்கள் எனக்கு ஓர் அறை தர வேண்டும்.' இதைவிடப் பணிவாகத் தமிழில் எப்படி எழுதுவது? 'வேண்டும்' என்பதற்குப் பட்டியலில் இருந்த சொல் 'மஸ்ட்'. அப்படியே எழுதினேன். கடிதத்தைப் படித்த அலுவலர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "கட்டளையிடுவதற்கு நீ யார்?" என்று கேட்டார். எனக்கு நா எழவில்லை. கும்பிட்டு நின்றவனைக் குத்த வந்தவன் என்று கொண்டால் அவன் என்ன செய்வான்?

அன்று மாலை அறைக்குத் திரும்பாமல் அலிபிரிப் பக்கம் நடந்தேன். மலையேறும் மக்கள் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு மகள் திருமணம். ஒருவருக்கு நோய் நீங்க வேண்டும். ஒருவருக்கு வேலை கிடைக்க வேண்டும். எல்லாரும் வேண்டுதலோடு வந்தவர்கள். அப்போதுதான் ஒன்று பளிச்சென்று தோன்றியது. நம் மொழியில் 'வேண்டும்' என்பதும் 'வேண்டுதல்' என்பதும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை அல்லவா? 'நீ வரி கட்ட வேண்டும்' என்று அரசன் விதித்தாலும் அந்தச் சொல்தான். 'நீ அருள வேண்டும்' என்று அடியவன் கைகூப்பினாலும் அந்தச் சொல்தான். விதிப்பதும் இரப்பதும் நம்மிடம் ஒரு கூரையின்கீழ் வாழ்கின்றன. ஆங்கிலத்து 'மஸ்ட்' அப்படிப்பட்டதன்று. அது பெரும்பாலும் விதிக்கும். நண்பர்களுக்குள் 'கட்டாயம் வந்துவிடு' என்று உரிமையோடு அழைக்கும்போது மட்டும் கொஞ்சம் குழையும். அறிமுகமில்லாத அலுவலருக்கு எழுதும் கடிதத்தில் அது குழையாது.

இதில் நாம் வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை. வியங்கோள் வினை வரும் இடங்களை நம் இலக்கண ஆசிரியர்கள் வாழ்த்துதல், வைதல், வேண்டல், விதித்தல் என்று நான்காக எண்ணிச் சொன்னார்கள். வடிவம் ஒன்றாக இருக்கும்; வேண்டலா விதித்தலா என்பதை இடம் பார்த்துத் தெளிக என்பதுதானே அதன் கருத்து? தொல்காப்பியம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. ஒரு பொருளைக் கேட்பதற்கு ஈ, தா, கொடு என்று மூன்று சொற்களை வகுத்து, தாழ்ந்தோன் கேட்பது ஈ, ஒத்தோன் கேட்பது தா, உயர்ந்தோன் கேட்பது கொடு என்று உரைக்கிறது. யார் யாரிடம் பேசுகிறார் என்பதை அறியாமல் சொல்லைத் தேராதே என்ற பாடத்தை நாம் அங்கேயே படித்துவிட்டோம். ஆங்கில வகுப்புக்குள் நுழைந்தவுடன் அதை வாசலில் கழற்றி வைத்துவிடுகிறோம்.

மரியாதை எங்கே குடியிருக்கிறது?

நம் தமிழில் மரியாதை எங்கே இருக்கிறது? 'கொடு' என்பதைக் 'கொடுங்கள்' என்றால் போதும். மரியாதை வந்துவிடுகிறது. தெலுங்கரும் 'இவ்வு' என்பதை 'இவ்வண்டி' என்று நீட்டி மரியாதை செய்கிறார்கள். நீ, நீங்கள், தாங்கள் என்று நமக்கு முன்னிலைச் சொற்களிலேயே படிகள் உண்டு. ஆங்கிலத்தில் எல்லாருக்கும் 'யூ' ஒன்றுதான். பிரதமருக்கும் 'யூ'. பிள்ளைக்கும் 'யூ'. அப்படியானால் ஆங்கிலேயன் மரியாதையை எங்கே வைத்தான்? இந்தத் துணைவினைகளில் வைத்தான்!

'கிவ் மீ தி புக்' என்பது 'கொடு' என்பதற்கு நிகர். 'கேன் யூ கிவ் மீ' என்றால் சற்று இளகும். 'குட் யூ கிவ் மீ' என்றால் 'கொடுங்கள்' ஆகும். 'வுட் யூ மைண்ட்' என்று தொடங்கினால் 'தங்களுக்குத் தொந்தரவு இல்லையென்றால்' என்ற அளவுக்குப் போகும். இறந்தகால வடிவத்தைப் போட்டு எட்டி நின்று கேட்பதே அவர்கள் பணிவு. நாம் பன்மை விகுதியைப் போட்டுப் பணிகிறோம். பணிவு இரண்டிலும் உண்டு. அது குடியிருக்கும் அறை வேறு.

இதை எனக்குப் பள்ளியில் யாரேனும் ஒரே ஒரு முறை சொல்லியிருந்தால் அந்த அலுவலகத்தில் நான் தலைகுனிந்திருக்கமாட்டேன். சிற்றூர்ப் பிள்ளைகள் ஆங்கிலம் பேசினால் முரட்டுத்தனமாக இருக்கிறது என்று நகரத்தார் சிலர் சொல்வதுண்டு. முரட்டுத்தனம் அப்பிள்ளைகளின் உள்ளத்தில் இல்லை. 'ங்கள்' என்ற விகுதி மொழிபெயர்ப்பில் உதிர்ந்துபோகிறது. உதிர்ந்த இடத்தில் 'குட்' என்ற சொல்லை நட வேண்டும் என்பதை அவர்களுக்குச் சொல்வார் இல்லை. அவ்வளவுதான்.

நாம் வழக்கமாக இடறும் கற்கள்

இன்னும் சில இடங்களைச் சுட்டுகிறேன். இவை நானும் என் நண்பர்களும் விழுந்து எழுந்த இடங்கள்.

முதலாவது, எதிர்மறை. 'நீ போக வேண்டியதில்லை' என்பது ஒன்று. 'நீ போகக்கூடாது' என்பது மற்றொன்று. முதலது விடுதலை, இரண்டாவது தடை. ஆங்கிலத்தில் முன்னது 'நீட் நாட்', பின்னது 'மஸ்ட் நாட்'. 'வேண்டும்' என்பது 'மஸ்ட்' ஆதலால் 'வேண்டியதில்லை' என்பது 'மஸ்ட் நாட்' என்று கணக்குப் போட்டால், விடுமுறை கொடுக்க வந்தவன் வாயிலை அடைத்தவன் ஆகிறான். நம் 'கூடாது' என்பது தெலுங்கில் 'கூடது' என்றே வழங்குகிறது. இரு மொழியாரும் தடைக்கு அதைத் தனியே வைத்திருக்கிறோம். அதை 'மஸ்ட் நாட்' என்பதோடு பிணைத்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

இரண்டாவது, 'முடிந்தது' என்பது. 'நேற்று என்னால் தேர்வு எழுத முடிந்தது' என்றால் நான் எழுதிவிட்டேன் என்று பொருள். இதை 'குட்' என்ற சொல்லால் எழுதினால் ஆங்கிலத்தார்க்கு நிறைவு தோன்றாது. 'குட்' என்பது பழைய நாளில் இருந்த பொதுவான திறமையைச் சொல்லும்: 'இளமையில் என் தாத்தாவால் நீந்த முடியும்' என்பதைப் போல. ஒரு நாள் ஒரு செயலைச் செய்து முடித்ததற்கு 'வாஸ் ஏபிள் டு' என்பதே பொருந்தும். எதிர்மறைக்கு மட்டும் இந்த வேறுபாடு இல்லை. 'முடியவில்லை' என்பதற்குக் 'குட் நாட்' என்று தாராளமாக எழுதலாம்.

மூன்றாவது, அடுக்கு. தமிழில் 'அவன் போக வேண்டியிருக்கலாம்' என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறோம். பொது ஆங்கிலத்தில் இவ்வினைகள் இரண்டு அடுத்தடுத்து நிற்கா. ஓர் உறையில் ஒரு வாள்தான். ஆதலால் 'மே மஸ்ட்' என்று எழுதாமல் 'மே ஹேவ் டு' என்று எழுதுகிறார்கள். 'கேன் ஏபிள் டு' என்று நம்மவர் சொல்வதும் இந்த அடுக்குப் பழக்கத்தால் வரும் பிழையே. 'கேன்' என்றாலே இயலும்; அதற்கு மேல் 'ஏபிள்' எதற்கு?

நான்காவது, 'மாட்டேன்' என்பது. பழந்தமிழில் 'மாட்டேன்' என்றால் 'எனக்கு ஆற்றல் இல்லை' என்று பொருள். இன்று 'எனக்கு விருப்பம் இல்லை' என்று பொருள். சொற்கள் இவ்வாறு இடம் பெயர்வது ஆங்கிலத்திலும் உண்டு. 'மே' என்பது பழைய ஆங்கிலத்தில் வலிமையைக் குறித்தது. 'கேன்' என்பது அறிதலைக் குறித்தது. 'வில்' என்பது விரும்புதல். 'ஷல்' என்பது கடன்பட்டிருத்தல். கடனிலிருந்து கடமை பிறந்தது. விருப்பத்திலிருந்து எதிர்காலம் பிறந்தது. 'வுட்', 'ஷுட்' இரண்டிலும் ஒலிக்காத 'எல்' எழுத்துக்கு வேர் உண்டு. 'குட்' என்பதிலோ வேரில்லாமலே, அவ்விரண்டையும் பார்த்து அந்த எழுத்து வந்து ஒட்டிக்கொண்டது. எழுத்துக்கூட்டலில் நாம் இடறும்போது, அந்நாட்டாரும் அங்கே இடறியவர்களே என்று ஆறுதல் கொள்ளலாம்.

இடறியது நாம் மட்டுமா? 'ஷல்', 'வில்' இரண்டுக்கும் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று பிரித்து விதி எழுதியவர் ஜான் வாலிஸ், ஆண்டு 1653. அந்த விதி இங்கிலாந்தின் தென்பகுதியார்க்கே இயல்பாக வரும், பிறர்க்கு எளிதில் பிடிபடாது என்று பவுலர் உடன்பிறந்தார் 1906ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் ஒப்புக்கொண்டார்கள். ஆற்றில் விழுந்த ஒருவன் 'நான் மூழ்கிவிடுவேன், யாரும் காப்பாற்றமாட்டார்களே' என்று கதற நினைத்து, 'ஷல்', 'வில்' இரண்டையும் மாற்றிப் போட்டானாம். 'நான் மூழ்கியே தீருவேன், யாரும் காப்பாற்றக்கூடாது' என்று கேட்டவர்கள் பொருள் கொண்டு கரையிலேயே நின்றார்களாம். ஆங்கிலேயர் தங்களுக்குள் சொல்லிச் சிரித்த கதை இது. என் சித்தப்பாவின் தோப்பை நினைக்கும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

நாடு பார்த்த 'மே'

இனி, முதலில் சொன்ன நாடாளுமன்றத்துச் செய்திக்கு வருகிறேன். 1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, ஆங்கிலத்துக்குப் பதினைந்து ஆண்டு தவணை வைத்தது. அந்தத் தவணை முடிவதற்கு முன்பே 1963ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. தவணை கழிந்த பின்னும் இந்தியோடு ஆங்கிலமும் தொடர்ந்து வழங்கும் என்பதைச் சொல்லும் இடத்தில் சட்டம் எழுதியோர் இட்ட துணைவினை 'மே'. 'மே என்றால் தொடரலாம்; தொடராமலும் போகலாமே! ஷல் என்று எழுதுங்கள்' என்று பிராங்க் அந்தோணி போன்றோர் கேட்டனர். மாநிலங்களவையில் இருந்த அண்ணாதுரையும் இந்த ஐயத்தை எழுப்பினார். இங்கே 'மே' என்பதற்கு 'ஷல்' என்றே பொருள் என்ற கருத்துப்படப் பிரதமர் நேரு விளக்கம் தந்தார். ஆயினும் எழுத்தில் 'மே'யே நின்றது.

அந்தச் சட்டத்துக்கு 1963 மே 10 அன்று ஒப்புதல் தந்த குடியரசுத் தலைவர் யார்? சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். 1888இல் திருத்தணியில் பிறந்து, இதே திருப்பதியில் கிறித்தவ மிஷன் பள்ளியில் சிறுவனாகப் பயின்றவர். பின்னர் ஆக்ஸ்போர்டில் பேராசிரியராக இருந்து ஆங்கிலேயரே வியக்க ஆங்கிலம் பேசியவர். அவர் பிறந்த திருத்தணியோ 1960 ஏப்ரல் முதல் நாள் வரை நம் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, பிறகு அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. இந்த மண்ணுக்கும் அந்தச் சொல்லுக்கும் இப்படியும் ஒரு தொடர்பு!

நேரு 1964இல் மறைந்தார். 1965 சனவரியில் தவணை முடிந்தபோது தமிழகத்தில் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். உயிர்கள் பல போயின. அதன் பின்னர் 1967இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி 1968 சனவரியில் ஒப்புதல் பெற்ற திருத்தச் சட்டம், இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்தோடு நடுவண் அரசு கொள்ளும் கடிதப் போக்குவரத்துக்கு ஆங்கிலமே வழங்கும் என்று 'ஷல்' போட்டு எழுதியது. பழைய 'மே' முற்றும் நீங்கவில்லை. அதன் பக்கத்தில் ஒரு 'ஷல்' காவலுக்கு நின்றது. அந்தப் போராட்டத்துக்குக் காரணங்கள் பல. ஒரு சொல் மட்டும் அன்று. ஆயினும் வாய்மொழி உறுதிக்கும் எழுத்தில் உள்ள துணைவினைக்கும் எவ்வளவு தூரம் என்பதை அது காட்டியது. என் சித்தப்பாவும் வாய்மொழியைத்தான் நம்பினார்.

நீதிமன்றத்தில் இது இன்னும் நுணுக்கமாகும். 'ஷல்' என்று இருந்துவிட்டால் மட்டும் போதும் என்றும் இருந்துவிட முடியாது. பணியாளர் மீது நடவடிக்கை எடுக்கும்போது தேர்வாணையத்தைக் கலந்துகொள்வது பற்றி அரசியலமைப்பின் 320ஆம் பிரிவில் 'ஷல்' என்றே இருக்கிறது. ஆனாலும் அது வழிகாட்டும் விதியே, மீறினால் நடவடிக்கை செல்லாது என்று ஆக்கும் விதி அன்று என்று உச்ச நீதிமன்றம் 1957இல் தீர்ப்பளித்தது. சொல்லோடு இடமும் நோக்கமும் சேர்ந்தே பொருள் தரும் என்பது அங்கும் உறுதியாகிறது. இன்று எளிய சட்டநடையை விரும்பும் பலர், கடமையைச் சொல்லும் இடத்தில் 'ஷல்' என்பதை விட்டு 'மஸ்ட்' என்று எழுதச் சொல்கிறார்கள்.

மறுப்பும் விடையும்

'ஆங்கிலம் நமக்கு அயல்மொழி. அதன் நுணுக்கத்துக்கு நாம் ஏன் இவ்வளவு உழைக்க வேண்டும்?' என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்குத் தமிழ்ப்பற்று மிகுதி. எனக்கும் அது குறைவன்று. நம் ஒப்பந்தங்களும் வங்கித் தாள்களும் மேல் நீதிமன்றத் தீர்ப்புகளும் தாய்மொழியிலேயே வரும் நாளை நானும் எதிர்பார்க்கிறேன். அதற்காகக் குரல் கொடுக்கவும் ஆயத்தமாக இருக்கிறேன். ஆனால் அந்த நாள் வரும் வரை, வந்த தாளில் கையெழுத்திடப்போவது நம் அப்பாவும் சித்தப்பாவும் அல்லவா?

இன்னொரு நண்பர் கைப்பேசியை எடுத்துக் காட்டினார். 'எழுதினால் இதுவே திருத்திவிடும், மொழிபெயர்த்தும் கொடுக்கும். நீ ஏன் வீணாகக் கவலைப்படுகிறாய்?' என்றார். கருவி உதவும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நான் வேண்டுகிறேனா, விதிக்கிறேனா என்பது என் உள்ளத்தில் இருக்கிறது. அதை நான் தெளிந்து சொன்னால்தான் கருவி அதற்கேற்ற சொல்லைத் தரும். ஒப்பந்தத்தில் உள்ள 'மே' என்பதற்கு அதுவும் 'லாம்' என்று சொல்லிவிட்டால், அன்று நான் செய்த பிழையைத்தானே வேகமாகச் செய்திருக்கும்? 'வாங்கலாம் என்றால் வாங்கியே தீர வேண்டுமா?' என்று அடுத்த கேள்வியைக் கேட்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நாமாக இருக்க வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

குறை கூறுவதோடு கட்டுரையை முடிப்பது மாணவர்க்கு அழகன்று. மூன்று செய்திகளை நம் சங்கத்தின் முன் வைக்கிறேன்.

ஒன்று: பட்டியல் படிப்பை விடுவோம். 'வேண்டும்' வரும் பத்துத் தமிழ் வாக்கியங்களை எழுதி, ஒவ்வொன்றிலும் யார் யாரிடம் சொல்கிறார், வேண்டுகிறாரா, விதிக்கிறாரா, விரும்புகிறாரா என்று முதலில் தமிழிலேயே பிரிப்போம். 'எனக்குத் தண்ணீர் வேண்டும்' என்பது விருப்பம். 'நாளைக்குள் பணம் கட்ட வேண்டும்' என்பது விதி. 'தாங்கள் வந்து வாழ்த்த வேண்டும்' என்பது வேண்டுதல். பிரித்த பின் ஆங்கிலச் சொல்லைத் தேடுவோம். தன் வீட்டு அறைகளை அறிந்தவனுக்கு அடுத்த வீட்டில் வழி கேட்பது எளிது.

இரண்டு: நம் சங்கத்தில் தமிழ் மாணவரும் தெலுங்கு மாணவரும் சேர்ந்து வாரம் ஒரு மாலை அமர்வோம். 'லாம்', 'வச்சு', 'மே' மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இரண்டு தாய்மொழிகள் ஒத்துச் செல்லும் இடமும் ஆங்கிலம் விலகும் இடமும் கண்முன் நிற்கும். எல்லையூர் மாணவர்க்கு வாய்த்த நற்பேறு இது.

மூன்று: இதுவே எனக்கு முதன்மையானது. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ஒவ்வொருவரும் ஒரு நாளை ஒதுக்கி, நம் தெருவில் உள்ளோர் வைத்திருக்கும் கடன் தாளையோ குத்தகைத் தாளையோ கொள்முதல் தாளையோ படித்துக் காட்டுவோம். படிக்கும்போது 'ஷல்' எங்கே, 'மே' எங்கே என்று பென்சிலால் கோடிடுவோம். 'இது அவர்கள் கட்டாயம் செய்ய வேண்டியது. இது அவர்கள் விரும்பினால் செய்வது. இது நாம் கட்டாயம் செய்ய வேண்டியது' என்று மூன்றாகப் பிரித்துச் சொல்வோம். ஐயம் இருந்தால் 'தெரியவில்லை, வழக்கறிஞரிடம் கேட்போம்' என்று சொல்லும் துணிவும் நமக்கு வேண்டும். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அன்று எனக்குத் துணிவு இல்லை. படித்தவன் என்ற பெருமை தடுத்துவிட்டது.

சென்ற கோடையில் ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பா மீண்டும் ஒரு தாளைக் கொண்டுவந்தார். முடி நரைத்துவிட்டது, நம்பிக்கை நரைக்கவில்லை. நான் இருமுறை படித்தேன். ஓரிடத்தில் கோடிட்டு, "சித்தப்பா, இந்த இடத்தில் 'மே' என்று இருக்கிறது. இதை 'ஷல்' என்று மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். மாற்றவில்லை என்றால் கையெழுத்துப் போட வேண்டாம்" என்றேன்.

"ஒரு சொல்லுக்காகவா?" என்றார்.

"ஆமாம் சித்தப்பா. ஒரு சொல்லுக்காகத்தான்."

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார். மறுநாள் திரும்பி வந்தார். மாற்றித் தந்துவிட்டார்களா என்று கேட்டேன். "யோசித்துச் சொல்கிறேன் என்றார்கள். நானும் யோசித்துக் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்" என்று சிரித்தார்.

நண்பர்களே! அந்தச் சிரிப்புக்காகவாவது இந்த ஒன்பது சொற்களை நாம் கற்றுத்தான் ஆக வேண்டும். இங்கே நான் சொல்லும் 'வேண்டும்' விதி அன்று, வேண்டுதல்.